மாமா என்று சொல்லக்கூடாதாம்

அம்மா, வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கொண்டுவந்து தருகிற ரேகா அக்காவுக்கே இது இருப்பது தெரியாது, நீ கேட்டிருந்த நைட்டியின் மடிப்புக்குள் வைத்து அனுப்புகிறேன். அவங்க நல்லவங்கதான், ஆனால் வாய் சும்மா இருக்காது, மஸ்கட்டில் நீ முகம் சுளித்தால் அடுத்த நிமிஷம் முதுநகருக்குத் தெரிந்துவிடும். உன் அறையில் இருக்கிறவர்களிடமும் படித்துக் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. ஃபோனில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே, அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் என்னைப் பேசவிடுகிறார், என் ஃபோனைப் பரீட்சை முடியட்டும் என்று வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இப்போது அரையாண்டுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு கெமிஸ்ட்ரி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்பா முன் அறையில் படுத்திருக்கிறார், மாமாவும் மழைக்கு இங்கேயே தங்கிவிட்டார், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் அட்ஜஸ்ட் செய்துகொள்.

அங்கே நீ உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே உடம்பில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. புயல் மழையில் தெருத் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றது, உள்ளே வரவில்லை, மிக்ஸியையும் அரிசி டிரம்மையும் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டேன். அப்பாவின் குட்டியானை வண்டி மூன்று நாளாக ஸ்டார்ட் ஆகாமல் இருந்து இப்போது ஓடுகிறது, துறைமுகத்துக்கு லோடு அடிக்கப் போகிறார். எதிர் வீட்டு இருசம்மாள் அத்தையின் கூரை ஓடு நாலைந்து பறந்துவிட்டது. நீ தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தானே போடுகிறாய், அந்த வீட்டு மேடம் எழுந்ததும் டீ கேட்பாள் என்று மறந்துவிடாதே, முதலில் மாத்திரை, அப்புறம் அவள் டீ.

இனிமேல் எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், உனக்குத் தெரியாமல் வைத்திருப்பது எது என்று எனக்கே தெரியவில்லை. மாமாவுக்கு அமெரிக்கா போய்க் குடியேறுகிற விசா லாட்டரி விழுந்ததும் நீ ஃபோனிலேயே அழுதாய். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அது கிடையாதாம், தாத்தா குவைத்தில் மெக்கானிக்காக இருந்தபோது மாமா பிறந்தது அங்கே, சண்டையில் எல்லோரும் ஓடிவந்தபோது கைக்குழந்தை, நீதான் அவரை இடுப்பை விட்டு இறக்காமல் வந்தாய் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். சிதம்பரம் கீழ வீதியில் டிராவல்ஸ் வைத்திருக்கிற கண்ணாயிரம் சார் பாஸ்போர்ட்டில் அந்தப் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, சும்மா ஒரு கல்லு விட்டுப் பாப்பம் தம்பி என்று போட்டது விழுந்துவிட்டது. விழுந்தால் மட்டும் விசா கிடைத்துவிடாதாம், குவைத் பிறப்புச் சான்று, போலீஸ் சான்று, மும்பையில் மெடிக்கல், இண்டர்வியூ, எல்லாம் செப்டம்பருக்குள் முடியவேண்டும், இல்லாவிட்டால் நம்பர் செத்துப்போய்விடுமாம். அதுவரை மாமாவுக்கு யாரும் பெண் தரவில்லை. கீரப்பாளையத்தில் செல்ஃபோன் ரிப்பேர் பார்க்கிறவன், முன் மண்டை வழுக்கை என்று திருப்பி அனுப்பியவர்களே இப்போது ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. எவளோ ஒருத்தி வந்து யோகத்தைத் தூக்கிக்கிட்டுப் போவா, நாம கைய தட்டிக்கிட்டு நிக்கணுமா, முறைப்பொண்ணு வீட்லயே இருக்கறப்ப எதுக்கு வெளிய தேடணும் என்றார். நான் அப்போது தட்டில் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். முறைப்பொண்ணு என்றால் யாரைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை அம்மா.

அப்பா ஃபோனோடு மாடிக்குப் போய் உன்னிடம் பேசிவிட்டு இறங்கி வந்து, உங்கம்மா சரின்னுட்டா என்றார். அப்புறம் ஃபோனை என்னிடம் கொடுத்தபோது, மாமா கூட போனா நல்லா படிக்கலாம்மா, அழாம இரு என்று நீ சொன்னாய். அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாமா என்னைக் கூட்டிப்போவார் என்று மட்டும் அப்பா சொன்னாரா, பெற்ற மகளைப் போலக் கூட்டிப்போய்ப் படிக்கவைப்பார் என்று நினைத்து சரி என்றாயா? அப்படிப் போகவே முடியாது. அவரோடு மனைவி போகலாம், அவர் பெற்ற பிள்ளைகள் போகலாம், அக்கா மகளுக்கு அதில் இடமே இல்லை. என்னை அவருக்குக் கட்டிவைத்துத்தான் அனுப்பப்போகிறார்கள். தை மாதம் எனக்குப் பதினெட்டு முடிகிறது, முடிந்ததும் திருவந்திபுரம் கோயிலில் தாலி, அங்கிருந்து நேரே பதிவு ஆபீஸ். பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கிற குழந்தைகள் உதவி நம்பருக்கு யார் ஃபோனிலாவது பேசலாம் என்று நினைத்தேன், ஆனால் பதினெட்டுக்கு முன்னால் கட்டிவைத்தால்தானே அவர்கள் வருவார்கள், இவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லையே, பிறந்தநாளுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். பப்ளிக் பரீட்சை எழுதவேண்டாமாம், அங்கே போய் எது வேண்டுமானாலும் படிக்கலாமாம். என் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் எதுக்கும்மா பாஸ்போர்ட்டு என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அப்பா மேல்படிப்புக்கு என்றார். நான் தலையாட்டினேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம், திறக்க வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் மாமாவையும் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். நானும் மாமாவும் பல நாளாகப் பழகியவர்கள் என்று விசா ஆபீசரிடம் காட்ட போட்டோ வேண்டும் என்று கண்ணாயிரம் சார் சொல்லியிருந்தார், அதற்கு முன்னாலேயே சில்வர் பீச்சில் நாலு டிரஸ் மாற்றி வெவ்வேறு நாள் மாதிரி எடுத்தாகிவிட்டது. போட்டோக்காரர் கிட்ட நில்லுங்க சார், தோள்ல கை போடுங்க என்று கத்திக்கொண்டே இருந்தார், மாமாவோ, நான் குடை புடிச்சிக்கிறேன் தம்பி, வெய்யில் ஜாஸ்தியா இருக்குது என்று குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், எல்லா போட்டோவிலும் குடைதான் நடுவில் நிற்கிறது. அது போதாது என்று அப்பா பீரோவிலிருந்து பழைய ஆல்பத்தையும் பையில் போட்டு எடுத்துவந்திருந்தார். நான் மாமா மடியில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து அழுகிற காதுகுத்து போட்டோவைக் காட்டி, பாருங்க சார், பழக்கம் எப்பலேர்ந்துன்னு, இத விட சாட்சி வேணுமா என்று பெருமையாகக் கேட்டார். கண்ணாயிரம் சார் தலையில் அடித்துக்கொண்டார். யோவ், தாய்மாமன் மடியில உக்காந்து காது குத்திக்கிட்டத கொண்டுபோய் அமெரிக்காக்காரன்கிட்ட நீட்டுவியா, அவுங்க ஊர்ல மாமனும் அக்கா பொண்ணும் கட்டிக்கிறது நெறைய எடத்துல செல்லவே செல்லாது, மொதல்ல இத வீட்ல கொண்டுபோயி பூட்டு என்றார். அப்பாவுக்கு அது நம்பவே முடியவில்லை, தாய்மாமனுக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு சார் இருக்குது, அவுங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லணும் என்று பாவம் உண்மையாகவே கேட்டார்.

அப்புறம் கண்ணாயிரம் சார் மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீசர் மாதிரி உட்கார்ந்துகொண்டு என்னைக் கேள்வி கேட்டார். புருஷன வீட்ல எப்படிக் கூப்புடுவே என்று கேட்டதும் நான் மாமான்னு என்று சொல்லிவிட்டேன், வேறு என்ன சொல்வேன், வாய் திறந்த நாளிலிருந்து அப்படித்தானே கூப்பிடுகிறேன். அப்பா, எல்லாப் பொண்டாட்டியும் அப்படித்தான சார் கூப்புடுறா என்றார். இங்க கூப்புடுவா அண்ணே, அங்க தமிழ இங்கிலீசுல திருப்பிச் சொல்றவன் அங்கிள்னு சொன்னான்னு வெச்சிக்க, கத முடிஞ்சுது, இன்னியிலேர்ந்து அந்த வார்த்தையே இந்தப் பொண்ணு வாயில வரக்கூடாது, பேரு சொல்லிக் கூப்புடச் சொல்லு என்றார். எல்லோரும் பார்க்க என்னை இளவரசு, இளவரசு என்று சொல்லிப் பழகச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை, சிரிப்பு மாதிரி ஒன்று வந்து அது அழுகையாகிவிட்டது. மாமா டீ சொல்கிறேன் என்று வெளியே போய்விட்டார், டீ வரவேயில்லை. இங்கே இருசம்மாள் அத்தை ஏண்டி, இனிமே மாமான்னு வாய் நெறையக் கூப்புடலாம்டி என்று கேலி செய்கிறாள், அங்கே அதைச் சொன்னால் எல்லாம் போச்சு என்கிறார்கள். அடுத்த கேள்விதான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்கு உன் குடும்பம் என்ன உறவு என்றால் உறவே இல்லை, தெரிந்த குடும்பம் என்று சொல்லவேண்டுமாம். அம்மா பேர் என்ன என்றால் கலைமணி என்று சொல்லலாமாம், ஆனால் அவர் உன் தம்பி என்று மட்டும் சொல்லக்கூடாதாம். உன் பாஸ்போர்ட்டிலும் அவர் பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயர் என்ற இடத்தில் தாத்தா பெயர் ராமாமிர்தம் என்று இருக்கிறது, நல்லவேளை உன்னுடையதைக் கேட்கமாட்டார்கள் என்று கண்ணாயிரம் சார் சந்தோஷப்பட்டார்.

நான் யோசிக்காமல் இல்லை. மும்பையில் அந்த ஆள் முன்னால் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நான் போகவேண்டியதில்லை. ஆனால் அதற்குள் கழுத்தில் தாலி ஏறியிருக்கும். அவர் அமெரிக்காவும் என்னால் போயிருக்கும், நான் அவர் மனைவியாகவே கீரப்பாளையத்துக்குத் திரும்பி வரவேண்டும், அவர் முகத்தில் எப்படி விழிப்பேன். சொன்னாலும் தப்பிக்க முடியாது, சொல்லாவிட்டாலும் முடியாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் இங்கேதான் வந்து நிற்கிறது.

பஸ் ஸ்டாண்டில் அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது, மாமா, நீ மட்டும் போகக்கூடாதா என்று கேட்டேன். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். மச்சான் இல்லன்னா நான் இதுல காலடியே வெச்சிருக்க மாட்டேன் குட்டி, எல்லாத்துக்கும் அவருதான் முன்ன நின்னாரு, அக்காவும் சரின்னுட்டாங்கன்னு சொல்றாரு, நான் எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு வேணாம்னு சொல்றது, எனக்கும் தூக்கம் வரல என்றார். அப்புறம், அங்க தனியாப் போயி நான் யார்கிட்ட பேசுவேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை அம்மா. மஞ்சக்குப்பம் கிரவுண்டில் எனக்குச் சைக்கிள் கற்றுத்தர, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தவர். பயந்தவர், அவ்வளவுதான், என்னைப் போல. அப்பாவும் கெட்டவர் இல்லை. உங்கம்மா அடுத்தவன் வீட்டுப் பாத்திரம் கழுவுனது போதும், நீ அங்க போயி காலூணினா அவள உக்கார வெச்சி சோறு போடலாம் என்று சொல்லும்போது அவர் கண் கலங்குகிறது. உனக்காகத்தான் என்கிறார். நான் எப்படி அதற்கு மறுபேச்சு பேசுவேன்.

நீ ஒன்று மட்டும் செய். அப்பாவிடம் பேசாதே, மாமாவிடம் நேராகப் பேசு, தம்பி, நீ மட்டும் போ, என் பொண்ண விட்டுடு என்று சொல். நீ சொன்னால் அவர் தட்டமாட்டார், அவரைத் தூக்கி வளர்த்தவள் நீ. ஆனால் உனக்கு லீவு கிடைத்து, ரேகா அக்காவைப் பார்த்து, நைட்டியைப் பிரித்து, இதைப் படிப்பதற்குள் பத்திரிகை அடித்துவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது, அப்பா நேற்றே ஒரு மாதிரிப் பத்திரிகை அடித்து வாங்கி வந்துவிட்டார், மஞ்சள் ஓரத்தில் உன் பெயரும் இருக்கிறது. தெரிந்துதான் சரி என்று சொன்னாய் என்றால் பதில் எதுவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம், கிழித்துவிட்டு எப்போதும் போல் பேசு, நான் புரிந்துகொள்கிறேன். தெரியாமல் சொன்னாய் என்றால் அடுத்த தடவை ஃபோனில் நைட்டி அளவு சரியில்லை என்று சொல், எனக்கு அது போதும், அன்றைக்கு ஒரு நாளாவது தூங்குவேன். அண்ணாமலை நகரில் அக்ரி படிப்பில் சேரவேண்டும் என்று உன்னிடம் சொல்லியிருந்தேனே, அதை இனிமேல் யாரிடமும் சொல்லாதே, கேட்டால் வெட்கமாக இருக்கிறது.

முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொள், ஏசி காற்றில் தரையில் படுக்காதே, மாத்திரையை மறக்காதே. நீ இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன், அங்கிருந்தே என்னை ஆசீர்வாதம் செய், ஆனால் கல்யாணத்துக்குச் செய்கிற ஆசீர்வாதம் வேண்டாம், வேறு ஏதாவது சொல்லி ஆசீர்வாதம் செய்.

என்றும் உன் மகள்,
ஞா. ஸ்ரீமதி

இந்த ஞா கூடப் போய்விடுமாம், தை மாதத்துக்கு அப்புறம் இ. ஸ்ரீமதி என்று போடவேண்டுமாம், இப்போதே போட்டுப் பழகு என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள், நான் இன்னும் ஒரு தடவைகூட எழுத

அம்மா, கதவு தட்டுகிற சத்தம். அப்பா தட்டமாட்டார், பேர் சொல்லிக் கத்துவார், மாமாவாகத்தான் இருக்கும். மெதுவாகத் தட்டுகிறார், மறுபடியும்