அம்மா கைக்குப் போன குட்டிக் கம்ப்யூட்டர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார், எல்லோரையும் பழையபடி அதட்டுகிறார், அதனால் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள். எனக்கு மனசுதான் சரியில்லை, போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றபோது நீ அனுப்பினாயே அந்த உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், அது என் பெயருக்குத்தான் வந்தது. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று சொல்லிக்கொண்டு மூன்று வாரம் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், பிரித்துப் பார்த்துப் புரியாமல் போய்விடுமோ என்று பயம். அம்மா பிரித்துவிட்டாள். ஆபீசில் டைப் அடித்த கை அல்லவா, நீ போனில் சொல்லச் சொல்ல வரிவரியாக அடித்துக்கொண்டே போனாள். டிவியில் ஒயரைச் செருகி முதல் நாள் ஒரு சின்ன விளக்கை மினுக்க வைத்தாள், அடுத்த மாதம் மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அடுப்படியிலிருந்தே பார்த்தாள். என் சால்டரிங் அயர்னை என்னைக் கேட்காமலே எடுத்து என்னைவிடச் சுத்தமாகப் பற்றவைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் நீங்கள் இருவரும் ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள், எனக்கு வருவது அப்பா மாத்திரை போட்டாரா என்ற ஒரு கேள்வி, அதுவும் அம்மா வழியாக. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

போன மாதம் அது திடீரென்று ஓடாமல் நின்றதே, ஏதோ தப்பா அடிச்சிட்டேன்டி என்று அம்மா உன்னிடம் அழாத குறையாகச் சொன்னாளே, அது அவள் தப்பில்லை. அறையை விட்டுப் போகும்போது மெயினை அணைப்பது என் தொழில் பழக்கம், கை தானாகப் போய்ச் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டது. முறையாக மூடாமல் கரண்டை நிறுத்தினால் மெமரி கார்டு கெட்டுவிடலாம் என்று நீ அவளுக்குச் சொன்னதைப் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் அடித்து மறுபடி ஓட வைத்தாள். அன்று நீ அவளை எங்க வீட்டு இஞ்சினியர் என்றாய். சின்ன வயதில் நீ என்னை அப்படித்தான் கூப்பிடுவாய். மறுநாள் அம்மா மாமாவைப் பார்க்கப் போயிருந்தாள், வீட்டில் நானும் அதுவும்தான். மறுபடி சுவிட்சை அணைத்தேன். இந்தத் தடவை பழக்கத்தில் இல்லை.

அது மறுபடி ஓடவில்லை, அதற்கும் அம்மா தன்னையேதான் நொந்துகொண்டாள். நேற்று ஒயரையெல்லாம் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, இந்த வயசுல எனக்கு இதெல்லாம் வராதுங்க என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவளிடம் சொல்லப்போகிறேன். போட்டுவிட்டால் பிறகு மழுப்ப முடியாது, அதற்காகத்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். அவள் எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும், அந்தப் பெட்டியை அவள் மறுபடி பிரித்தால் போதும்.

கழுத்து வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதே, நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா