மூட்டையை இறக்கி வைத்த வெள்ளிக்கிழமை

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் காலையிலேயே ஒரு லென்ஸை வீணாக்கினேன். ஃபிரேம் அளவுக்குத் தேய்க்கும்போது ஓரம் சில்லு பெயர்ந்துவிட்டது. மிஷினில் தண்ணீர் சரியாக விழவில்லை என்று ஓனர் அக்காவிடம் சொன்னேன். தண்ணீர் நன்றாகத்தான் விழுந்தது. என் மனசுதான் அங்கே இல்லை.

அண்ணனுக்கு வேலை கிடைத்துவிட்டது. வீடியோ கேம் செய்கிற பெரிய கம்பெனியில் கதை எழுதுகிற வேலை. பத்து வருஷத்துக்கும் மேலாக அவன் எழுத, நான் வரைய, வாராவாரம் எந்த உலகத்தைக் கிண்டலடித்தோமோ அதே உலகம் அவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டிருக்கிறது. நேற்று வந்து சொன்னபோது கட்டிப்பிடித்துக்கொண்டேன். சந்தோஷம்தான். உண்மையாகவே.

அப்புறம்தான் மெல்ல இழுத்தான். "ஒரு விஷயம். வெளியில எதுவும் எழுதக் கூடாதாம். கையெழுத்து வாங்கிட்டாங்க."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

அப்போ எங்கள் இணையப் படக்கதை 'மறுபடி முதல்லேர்ந்து'? ஹீரோ கடைசிக் கோட்டையின் வாசலில் நிற்கிறான். கதவு பாதி திறந்திருக்கிறது. இத்தனை வருஷம் படிக்கிறவர்களை அப்படியே தெருவில் நிறுத்திவிட்டுப் போவதா?

"நீயே எழுதேன்" என்றான், கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வா என்கிற மாதிரி.

எழுதுகிறேன். எழுதினால் என்ன?

மார்ச் 6, வெள்ளி

அண்ணன் எழுதிய கடைசிப் பக்கம் இன்று இணையத்தில் வந்தது. இனி வசனமும் நான்தான் என்று கீழே ஒரு வரி போட்டேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் கமெண்ட் குவிந்து கிடக்கிறது.

சாம்பல்நரி என்கிறவர்: 'ஒரு பாதி போயிடுச்சு. மீதிப் பாதிக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.'

கடைசிஉயிர்: 'ஸ்கூல் படிக்கும்போது படிக்க ஆரம்பிச்சேன். இப்போ கல்யாணமே ஆயிடுச்சு. தயவுசெஞ்சு கெடுத்துடாதீங்க.'

தோத்தாங்குளி: 'படம் வரையறவங்க படம் வரைஞ்சா போதும்.'

கடைசி கமெண்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருடி இவன்? பேரையே தோத்தாங்குளின்னு வெச்சுக்கிட்டுப் புத்தி சொல்ல வந்துட்டான்."

அம்மா முதல் வாரத்திலிருந்து படிக்கிறாள். ஆனால் வாழ்க்கையில் ஒரு கேம்கூட ஆடியதில்லை. எங்கள் ஹீரோவின் பேர் கவசம். கேம் ஹீரோக்கள் செய்கிற மாதிரியே, கண்ட வீட்டுக்குள்ளும் நுழைந்து ஜாடிகளை உடைத்து உள்ளே இருக்கிற காசை எடுத்துக்கொண்டு போவான். அவளுக்கு அதில் இன்னும் கோபம் ஆறவில்லை. "அந்த வீட்டுக்காரி என்ன செய்வா, பாவம்?" கேம்ல அப்படித்தான்மா என்றால், "கேம்ல மட்டும் அவளுக்கு ஜாடி சும்மாவா வருது?"



மார்ச் 13, வெள்ளி

என் முதல் பக்கம். கோட்டைக் காவலன், "சாவி பக்கத்து ராஜ்யத்துல இருக்கு, ஏழு மலை தாண்டணும்" என்பான். அவன் முதுகுக்குப் பின்னாலேயே கதவு பாதி திறந்திருக்கும். எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக வந்தது.

'சிரிக்கலாம்னு வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்துச்சு.'

'அண்ணனைக் கூப்பிடுங்க.'

இந்த இரண்டாவதை ஒருவர் போட, அடுத்தவர் போட, கீழே வரிசையாக அதேதான். அண்ணனைக் கூப்பிடுங்க. அண்ணனைக் கூப்பிடுங்க. ஊர்வலம் போகிற மாதிரி.

மார்ச் 14, சனி

இனிமேல் கமெண்ட் படிப்பதில்லை.

மத்தியானம்: படித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

அண்ணனின் பழைய பக்கங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு வசனக் குமிழுக்குள் மூன்று ஜோக் வைப்பான். நான் ஐந்து வைத்தேன். இடம் போதாமல் எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி உள்ளே திணித்தேன். இந்த வாரம் யாரும் குறை சொல்ல முடியாது.

சாம்பல்நரி சொல்லிவிட்டார். 'பரீட்சைக்கு பிட் எழுதின மாதிரி இருக்கு.'

மார்ச் 24, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

போன வாரம் புதுக் கண்ணாடி வாங்கிப் போன பேங்க் மேனேஜர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன், முகத்தில் ஒரு கடுகடுப்பு. "இந்தக் கண்ணாடி வேலைக்கு ஆகாது. படிக்கவே முடியல." ஓனர் அக்கா பின்னறையில் இருந்த என்னைக் கூப்பிட்டார். லென்ஸை மிஷினில் வைத்துப் பார்த்தேன், பவர் சரி. எழுத்து அட்டையைக் கொடுத்தேன். அடி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தார்.

"நல்லாத்தானே சார் படிக்கிறீங்க?"

"அதை விடுங்க. இதைப் படிங்க பார்ப்போம்" என்று போனை நீட்டினார்.

என் பக்கம். ஐந்து ஜோக் பக்கம்.

முன்பின் தெரியாத ஒருவர் கையில் எங்கள் தொடரை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. காதெல்லாம் சுட்டது. குனிந்து படித்தேன். எழுதின எனக்கே தடுமாறியது. எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து.

"கண்ணாடியில குறை இல்ல சார். இதுல எழுத்துதான் பொடிசு."

"இத்தனை வருஷமா படிக்கிறேன், இப்படி இருந்ததே இல்லையே? என் பொண்ணுதான் காட்டினா. அவ வெளியூர் போயிட்டா, நான் விடல." இரண்டு விரலால் பெரிதாக்கி, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். லோன் நிபந்தனைகளைப் படிக்கிற குரலில். ஒரு ஜோக், இரண்டு ஜோக்… ஐந்தாவதும் முடிந்தது. அவர் சிரிக்கவில்லை. ஓனர் அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கவுன்டருக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

பிறகு பக்கத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். அதில் வசனமே கிடையாது. மூட்டை என்கிறவன் மட்டும் இருப்பான். கேம் ஹீரோ நாற்பது வாள், குதிரை, படகு எல்லாம் சேர்த்துவைத்திருப்பானே, அதையெல்லாம் யார் தூக்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு நாங்கள் கண்டுபிடித்த ஆள். மலை மாதிரி ஒரு மூட்டையோடு கவசத்தின் பின்னாலேயே நடப்பான். பேச மாட்டான். அந்தக் கட்டத்தில் சுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிறான், அவ்வளவுதான்.

மேனேஜரின் தோள் குலுங்கியது. மூக்கால் ஒரு சத்தம். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஆள் மூஞ்சியைப் பாருங்கம்மா. மாசக் கடைசியில எங்க ஆபீஸ்ல எல்லார் மூஞ்சியும் இதேதான்."

நான்தான் வரைந்தேன் என்று சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது.

மார்ச் 25, புதன்

மூட்டைக்கு அண்ணன் ஒரு வரி வசனம்கூட எழுதியதில்லை. அந்த மூஞ்சி முழுக்க என்னுடையது.

இது ஏன் எனக்கு இவ்வளவு நாள் தோன்றவே இல்லை?

மார்ச் 27, வெள்ளி

இந்த வாரம் பக்கம் கிடையாது என்று அறிவிப்பு போட்டேன். 'ஆரம்பிச்சுட்டாங்கய்யா' என்று ஒருவர். போடட்டும்.

மார்ச் 28, சனி

அண்ணன் வந்தான். பையிலிருந்து சில தாள்களை எடுத்து மேஜையில் வைத்தான். கடைசிக் கோட்டை முழுவதும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். முடிவு வரைக்கும்.

நின்றபடியே படித்தேன். பாவி, என்ன மாதிரி எழுதியிருக்கிறான்! இரண்டாவது தாளிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவன் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம்.

"யாருக்குத் தெரியப் போகுது? உன் பேர்லயே போடு."

"முதல் பக்கத்துலயே சாம்பல்நரி கண்டுபிடிச்சிடுவார். உன் வேலை போயிடும்ணா."

"போனா போகட்டும்."

"போகக் கூடாது. எத்தனை வருஷம் அலைஞ்சே இதுக்கு?"

"உன்னை அவங்க திட்டறதைப் பார்க்க முடியலடி."

"அப்போ பார்க்காதே!"

கத்திவிட்டேன். அம்மா அடுக்களையில் தட்டு கழுவுவதை நிறுத்தினாள்.

அவன் தாள்களை அடுக்கினான். ஓரமெல்லாம் நேராகிற வரைக்கும் அடுக்கினான். "அது என்னோடதும்தான்" என்றான்.

"இருந்துச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? "ஆமா" என்று மட்டும் சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு "ஆமா". தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். தாள்களையும் எடுத்துக்கொண்டு போனான். அது நல்லது. இருந்திருந்தால் எடுத்துப் படித்திருப்பேன், படித்திருந்தால் போட்டிருப்பேன்.

இல்லை. நான் எழுதுவதை நான்தான் எழுத வேண்டும். நன்றாக வராவிட்டாலும்.

ஏப்ரல் 3, வெள்ளி

போட்டுவிட்டேன். பக்கம் முழுக்க ஒரு எழுத்து இல்லை.

கவசம் கோட்டைக்குள் போய் நின்று, வா என்று கை காட்டுகிறான். மூட்டை கதவைப் பார்க்கிறான். தன் சுமையைப் பார்க்கிறான். மறுபடி கதவைப் பார்க்கிறான். கடைசிக் கட்டத்தில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிடுகிறான்.

அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை. கால் எப்படி மடங்கும் என்று புதிதாகக் கண்டுபிடித்து வரைய வேண்டியிருந்தது.

ஏப்ரல் 4, சனி

'வசனம் எங்கே? ஏத்தும்போது விட்டுப்போச்சா?'

'இத்தனை வருஷ ஜோக்கை ஒரே பக்கத்துல கொன்னுட்டீங்க. வாழ்த்துகள்.'

சாம்பல்நரி: 'விடைபெறுகிறேன்.' ஒரே வார்த்தை. முதல் வருஷத்திலிருந்து இருந்தவர். திட்டினாலும் வாரம் தவறாமல் வந்தவர்.

கடைசிஉயிர்: 'ஆபீஸ்ல உட்கார்ந்து அழுதுட்டேன். பக்கத்து சீட்ல என்னாச்சுன்னு கேட்டாங்க. ஒரு ஆள் உட்கார்ந்துட்டான்னு சொன்னேன்.'

அம்மா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, "தோள் வலிச்சிருக்கும்" என்றாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

இந்த வாரம் கவசம் திரும்பி வந்து, தானே மூட்டையைத் தூக்கப் பார்க்கிறான். அசையவில்லை. சரி என்று பிரிக்கிறான். வாள்கள் வருகின்றன, குதிரை வருகிறது, படகு வருகிறது, யாரோ ஒருத்தியின் ஜாடி உடையாமல் வருகிறது. கையில் எதைத் தூக்க முடியுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். எதை எடுப்பான்? அங்கே நிறுத்தினேன்.

கமெண்டில் சண்டை! என்னோடு இல்லை, அவர்களுக்குள்ளேயே. குதிரைக் கட்சி ஒன்று, வாள் கட்சி ஒன்று. தோத்தாங்குளி ஒரு பெரிய பத்தியே எழுதியிருக்கிறார்: 'படகுதான். கோட்டைக்குள்ள கண்டிப்பா தண்ணி இருக்கும். எந்த கேம்லதான் இல்ல?' அட, இந்த ஆள் இன்னும் போகவில்லையா!

அம்மா ஜாடிக் கட்சி. "அதைக் கொண்டுபோய் அந்த வீட்ல குடுக்கட்டும் முதல்ல."

சிரித்துக்கொண்டே இருந்தேன். அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

அம்மா சொன்னதை வைத்து நாளைய பக்கத்தை மாற்றி வரைந்தேன். கவசம் ஜாடியை எடுத்துக்கொண்டு கோட்டைக்கு முதுகைக் காட்டி நடக்கிறான். மூட்டை இன்னும் உட்கார்ந்தேதான் இருக்கிறான். கடைக்குத் தாமதம். ஓனர் அக்கா என் விரலில் இருந்த மையைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், மை துடைக்கத் துணியை நீட்டினார்.

ஏப்ரல் 18, சனி

படிக்க வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். கொஞ்சம் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இருக்கிறவர்கள் முன்னைவிட நிறையப் பேசுகிறார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கப் பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

'அண்ணனைக் கூப்பிடுங்க' இந்த வாரமும் இருந்தது. ஒரே ஒருவர். அவருக்குப் பதில் போட்டேன்: 'எனக்கும் ஆசைதான்.'

ஏப்ரல் 26, ஞாயிறு

அண்ணன் அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறான்.

"என்னைப் பத்திக் கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"நேரத்துக்குச் சாப்பிடறாளான்னு கேட்டான்."

"வேற?"

"நீயே போன் போட்டுக் கேளேன். நான் என்ன தபால்காரியா?"

போட்டேன். எடுத்தான். "அன்னைக்கு நான் சொன்னது தப்புண்ணா" என்றேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்றான்.

மே 3, ஞாயிறு

அண்ணன் சாப்பிட வந்தான். புது வேலையைப் பற்றிப் பேசினான். அங்கே ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அரை நாள் கூட்டம் போட்டார்களாம். மூன்று பேரும் சிரித்தோம். தொடரைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்தவன், துண்டில் துடைத்துத் துடைத்து நின்றான்.

"அந்த வீட்டுக்காரி கதவைத் திறப்பாளா?"

நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். "எந்த வீட்டுக்காரி?"

"விளையாடாதே. வெள்ளிக்கிழமைலேர்ந்து மண்டையைக் குடையுது. கவசம் ஜாடியோட வாசல்ல நிக்கிறான். கதவைத் தட்டிட்டான். அவன் இதுக்கு முன்னாடி கதவைத் தட்டினதே கிடையாதே! திறப்பாளா, மாட்டாளா?"

"வெள்ளிக்கிழமை தெரியும்."

"எனக்கு மட்டும் சொல்லேன்."

"மாட்டேன்."

"நான் உன் அண்ணன்டி!"

"எனக்கே சொல்ல மாட்டேங்கிறா" என்றாள் அம்மா.

திறந்து அறைவாள் என்றான். அப்புறம், இல்லை, வீட்டில் வேறு யாரோ இருப்பார்கள் என்றான். செருப்பை மாட்டும்போது இன்னொன்று சொன்னான், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. படியில் பாதி இறங்கி நின்று, மேலே திரும்பி, "மூட்டை எழுந்திருப்பானா? அதையாவது சொல்லு" என்றான்.

சொல்லவில்லை. எனக்கே இன்னும் தெரியாது என்பதையும் சொல்லவில்லை.