குதிகாலில் ஏறிய தண்ணீர்

2006 ஜூன் 3, ஓடைப்பட்டி
ஆறு வாரம் மாவுக்கட்டு. நடுக்கடலில் எண்ணெய் மேடைகளில் மூன்று வருடம் ஏறி இறங்கியவள், மும்பை ஆபீஸ் படிக்கட்டில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்களிடம் அப்பா, "கடல்ல வேலை பாக்கையில அடிபட்டுருச்சு" என்கிறார். நான் திருத்தவில்லை.

ஜூன் 4
தூக்கம், மாம்பழம், தூக்கம்.

ஜூன் 9
செல்வின் போன். போடிக்காரன், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். இப்போது மேடையில் இருக்கிறான். "சுபா, நம்ம கெணத்துல பத்து பீப்பாய்க்கு ஆறு தண்ணியா வருது."
நம்ம கிணறு இல்லை, என் கிணறு. நான் முதன்முதலாக வடிவமைத்தது. ஐந்தாவது மாதமே இப்படி. பாறை சரியில்லை என்று மேலதிகாரி தேஷ்பாண்டே முடிவு கட்டிவிட்டாராம். எனக்கு மூச்சு வந்தது.

ஜூன் 12
காலை முழுக்கக் கணக்குப் போட்டேன். பாறை நல்ல பாறைதான்.
கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "அப்படி என்னத்த எழுதுற?" என்றாள். சொன்னேன். குழாய் கடலுக்கடியில் நேராக இறங்கி, திரும்பி, எண்ணெய் இருக்கிற மட்டத்திலேயே அறுநூறு மீட்டர் படுத்தபடி போகும். திரும்புகிற இடத்தைக் குதிகால் என்போம், கடைசி முனையை விரல் என்போம்.
"கெணத்துக்கும் மாவுக்கட்டுப் போடணுமா?"
சிரித்து முடித்து மீதியைச் சொன்னேன். குதிகால் பக்கம் உறிஞ்சும் வேகம் அதிகம். எண்ணெய்க்குக் கீழே கிடக்கிற தண்ணீர் அங்கேதான் முதலில் மேலேறும். அதனால் குழாய்க்குள் எண்ணெய் வருகிற துளைகளை அங்கே குறைக்க வேண்டும். நான் குழாய் முழுக்க ஒரே அளவாக வைத்தேன். செலவு குறைவு, வேலை சீக்கிரம். பாராட்டு வேறு வாங்கினேன்.
"அப்ப தப்பு உன்னோடதா?"
"ஆமா."
"ஆபீசர்ட்ட சொல்லிட்டியா?"
நானும் ஒரு கட்டுக் கீரையை இழுத்து ஆய ஆரம்பித்தேன்.

ஜூன் 16
மறுபடி செல்வின். பக்கத்திலேயே இரண்டாவது கிணறு தோண்டுகிறார்கள். அதே வரைபடம். குழாய் அடுத்த வாரம் கப்பலேறுகிறது. முதன்மைப் பொறியாளர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது என்றும் சொன்னான், சந்தோஷமாக.
இப்பவா வரணும் இது? பேசாம இருந்தா யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே —

ஜூன் 17
அப்பாவின் டிவிஎஸ் பின்னால், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு சின்னமனூர் போனேன். எதிரே வந்த பஸ் ஒதுங்கி வழிவிட்டது. இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து தேஷ்பாண்டேக்கு எழுதினேன்: தவறு பாறையில் இல்லை, என் வடிவமைப்பில். புதிய வரைபடத்தையும் சேர்த்தேன். குதிகாலில் முதல் நூறு மீட்டர் துளையே இல்லாத குழாய், பிறகு கொஞ்சம் துளை, விரல் பக்கம் நிறைய. குழாய்க்கு வெளியே எண்ணெய் குதிகாலை நோக்கி ஓடிவிடாதபடி நடுநடுவே ரப்பர் தடுப்பு.
அனுப்பிவிட்டு இரண்டு பேரும் ரோஸ்மில்க் குடித்தோம்.
"முடிஞ்சதா ஆத்தா?"
"முடிஞ்சதுப்பா."

ஜூன் 20
பதில் இல்லை.

ஜூன் 22
தேஷ்பாண்டே பேசினார். பழைய குழாயை நிறுத்திவிட்டார், புதிய வடிவத்தை ஏற்றுக்கொண்டார். பதவி செல்வினுக்கு. குரலில் கோபமே இல்லை, அதுதான் குத்தியது.
"என்ன சொன்னாக?" என்றாள் அம்மா.
"நான் சொன்னதக் கேட்டுக்கிட்டாக."
"பெறகு எதுக்கு அழுகுற?"
அது வேற, என்றேன்.

2007 பிப்ரவரி 11, ஓடைப்பட்டி
விடுமுறை. திராட்சை வெட்டு நடக்கிறது. பந்தலுக்குள் குனிந்து குனிந்து முதுகு போயிற்று. மத்தியானம் செல்வின் போன். இரண்டாவது கிணற்றுக்கு இது ஆறாவது மாதம். பத்துக்கு ஒரு பீப்பாய்கூடத் தண்ணீர் இல்லையாம். இன்னமும் அவன்தான் எனக்கு மேல்.
"மூணாவது வருது சுபா. வரைபடம் நீ போடு."
"பத்து நாளாகும். அவசரப்படுத்தக் கூடாது."
"பதினஞ்சா எடுத்துக்க," என்றான்.