திறக்காத கேட்

மகனே,

நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டீச்சர் எழுதுகிறார். பள்ளிப் பிள்ளைகளுக்காக நீ எழுதிய சரித்திர நாவலையும் அவர்தான் வாசித்துக் காட்டினார். மில்லில் தீப்பிடித்த அன்று, வாட்ச்மேனான நான் சம்மட்டியால் பூட்டை உடைத்து எல்லோரையும் காப்பாற்றுகிறேனாம். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் போதும், புத்தகத்தை மூடுங்கள் என்றேன்.

நான் உன்னிடம் சொன்னது என்ன? சாவி என் இடுப்பில்தான் இருந்தது. "சரக்கு களவு போயிடும், முதலாளி வர்ற வரைக்கும் திறக்காதே" என்றார் மேஸ்திரி. நான் திறக்கவில்லை. உள்ளே பதினோரு பேர். என் சிநேகிதன் என் பெயரைச் சொல்லித்தான் கேட்டைத் தட்டினான்.

"சின்னப் பசங்க படிக்கிறதுப்பா, அப்படியே எழுத முடியுமா?" என்று போனில் சிரித்தாய். செத்தவர்களில் நாலு பேருக்கு அந்தப் பசங்களின் வயசுதான்.

நேற்று சிநேகிதனின் தங்கை வந்தாள். இருபது வருஷம் என் முகத்தில் விழிக்காமல் இருந்தவள், நானே போய் உண்மையைச் சொன்ன பிறகுதான் பேச ஆரம்பித்தாள். பேத்திக்குப் பள்ளியில் கொடுத்த உன் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "பெத்த பிள்ளையை விட்டுப் பொய் எழுத வெச்சீங்களாண்ணே?" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

முதலில் அவள் வீட்டுக்குப் போ. நான் சொன்னது வேறு, நீ எழுதியது வேறு என்று உன் வாயால் சொல். அதற்குப் பிறகு இங்கே வா.

கைநாட்டுடன்,
உன் அப்பா