மூன்று சுற்று நாடா

என் இல்லத்தரசியே! இம்மடலை உனக்கு முன்பே பிரித்து உரக்கப் படிக்கப்போகும் உன் அக்காவே! உங்கள் கூடத்தில் எனக்கு எதிராகத் தீர்ப்பெழுதிக் காத்திருக்கும் பெருமக்களே! வணக்கம்.

ஓர் அநீதி நடந்திருக்கிறது. குற்றமற்ற ஒரு குரலின்மேல், பத்துப் பேர் முன்னிலையில், பழி சுமத்தப்பட்டிருக்கிறது. இனியும் வாளாவிருக்க என்னால் இயலாது!

அன்று நம் வீட்டில் நீ பாடிய பழைய இசைத்தட்டு சுழன்றது. உறையில் சுருதி ஐந்து கட்டை என்று அச்சிட்டிருக்கவே, அடுத்த வீட்டு ஆர்மோனியக்காரர் ஐந்தில் கைவைத்தார். ஒலி ஒட்டவில்லை. "அம்மா சுருதிய விட்டுட்டாங்க போலிருக்கே" என்று சிரித்தார். உனக்காக எழுந்து நிற்க வேண்டிய நானோ, "இவளுக்கு எப்பவுமே கொஞ்சம் ஏறும்" என்றேன். நீ தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். பாட்டு வகுப்பையே மூடிவிட்டாயாமே! உன் மாணவி வாசலில் நின்று என்னைக் கேட்கிறாள்.

நான்கு நாள் கழித்து வேறொரு பாடகரின் தட்டை வைத்தேன். ஆர்மோனியக்காரர் மெட்டுக் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பாடகரும் அரைக் கட்டை ஏறியே பாடினார்! இருவர் ஒரே அளவாகவா தவறுவர்? சுழல்தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டை ஒட்டிக் கடிகாரத்தோடு எண்ணினேன். மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று வரவேண்டும், நூற்றாறு வந்தது. தட்டை ஓட்டும் ரப்பர் பட்டை தளர்ந்ததென்று கருதிப் புதியதை மாட்டினேன். மீண்டும் நூற்றாறு!

பழுதுபார்ப்பவரை வரவழைத்து, இக்கருவியைச் செய்தவனைத் தெருவில் நிறுத்துவேன் என முழங்கினேன். "கத்தாதீங்க சார். பெல்ட் தளர்ந்தா மெதுவாத்தான் ஓடும். இது வேகமா ஓடுது, அதான் சுருதியும் ஏறுது" என்று அவர் சுழல்தட்டைத் தூக்கினார். பட்டையை இழுக்கும் மோட்டார் உருளையைக் காட்டினார். "மூணு சுத்து டேப் ஒட்டியிருக்கு. உருளை பருத்தா தட்டு வேகமாச் சுத்தாம என்ன செய்யும்? எந்த மகராசன் வேலையோ!"

அந்த மகராசனை நான் அறிவேன்; நாள்தோறும் என் கண்ணாடியில் பார்க்கிறேன். என் மேடைப்பேச்சு இசைத்தட்டாக வந்தபோது, ஆமையாய் ஊர்கிறதே, கருவியில் கோளாறு என்று சீறி, உரைக்குறிப்பு ஒட்டும் நாடாவை அவ்வுருளையில் சுற்றியவன் அவன். "என் பாட்டு கீச்சுன்னு கேக்குதே" என்று நீ அப்போதே சொன்னாய். உன் காதில்தான் குறை என்றான். பிறகு சுற்றியதையே மறந்தான். கருவி அன்றும் சரியாகவே ஓடியிருக்கிறது. ஊர்ந்தது என் பேச்சு!

பத்துப் பேர் முன் இட்ட பழியை அஞ்சலுறைக்குள் ஒளிந்துகொண்டு திரும்பப் பெறுவது கோழைத்தனம். அதே பத்துப் பேரையும் ஞாயிறு மாலை அழைத்திருக்கிறேன். ஆர்மோனியம் ஐந்தில் காத்திருக்கும். பழுதுபார்ப்பவர் நாடாவை உரிக்கப் போனபோது தடுத்துவிட்டேன். அது உன் கையால் உரியட்டும். அதுவரை இவ்வீட்டில் எந்தத் தட்டும் சுழலாது.

நீ நலமாயிரு; உன் குரல் நலமாயிருக்கட்டும். அக்கா அவர்களே, படித்தது போதும், பெட்டியை எடுத்துக் கொடுங்கள். நாளைக் காலை முதல் பேருந்தில் ஏறு!

குற்றம் ஏற்று நிற்கும்
உன் கணவன்