நண்டு கடிக்கவில்லை, அக்கா

அக்கா,

இன்று காலையும் அலுமினியக் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்தேன். மூன்று நாளாகத் தேய்க்கிறேன், மீன் வாடை போகவில்லை. எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அடுப்பில் இரண்டு வருடமாக நாள் தவறாமல் சங்கரா மீன் தலை வெந்தது என்றால் நம்பியிருக்க மாட்டீர்கள். இனி வேகாது. உங்கள் நாய், நண்டு, ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

உங்கள் வாழ்வின் கடைசிப் பதினோரு மாதம் நீங்கள் ஒரு வார்த்தை பேசாத ஆள் நான். உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் இதைச் சொல்ல வேறு யாரும் இல்லை. உங்கள் மகனுக்குப் போன் செய்தேன். "ஓ, அது இன்னும் இருந்துச்சா மேடம்?" என்றார். பிறகு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

சிறுசேரியில் வேலை பார்த்த அவர், மேடவாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் எதிர் வீட்டை வாங்கி உங்களைக் கோவளத்திலிருந்து கூட்டிவந்தபோது உங்களுக்கு அறுபது வயது இருக்கும். அதுவரை கூடை சுமந்து மீன் விற்றவர். சும்மா உட்காரத் தெரியவில்லை. "இன்னா வூடு டீச்சரம்மா இது, அல்லாரும் கதவ சாத்திகினு" என்று வராண்டாவில் நடந்துகொண்டே இருப்பீர்கள்.

ஒரு மதியம் எங்கள் தெருவில் பின்னோக்கி வந்த தண்ணீர் லாரி ஒரு குட்டி நாயின் பின்னங்காலில் ஏறி இறங்கியது. பால்கனிகளில் நின்று எல்லோரும் பார்த்தோம். நானும்தான் பார்த்தேன். நீங்கள் செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய் அதை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தீர்கள். கால் கூடியபோது அது பக்கவாட்டில் நடந்தது. "நண்டு மாரி போவுது பாரு" என்று சிரித்தீர்கள். அதுவே பெயராகிவிட்டது. மூன்று வயதில் என் மகள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வராண்டாவில் ஓடினாள்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் படியில் அதோடு ஓடிவந்தவள் கால் தடுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து நான்கு தையல். நான் அப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நாயை அப்புறப்படுத்தச் சொல்லி ஏற்கெனவே சிலர் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, என் மகள் விழுந்தது எனக்கு ஒரு சாக்கு. உங்கள் வீட்டு வாடை, உங்கள் உரத்த குரல், ஈரச் சேலையோடு படியில் உட்கார்ந்து நீங்கள் வெற்றிலை போடுவது, எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலை புகார்க் கடிதம் எழுதினேன். விழுந்தாள் என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். 'குழந்தையைக் கடித்துவிட்டது' என்று எழுதினேன். யாராவது கேட்டால் அப்படியே சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

நாய் பிடிக்கும் வண்டி வந்த அன்று நீங்கள் உங்கள் நாத்தனாரின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோவளம் போயிருந்தீர்கள். கேட்டை நான்தான் திறந்துவிட்டேன். அந்த ஆட்கள் சுருக்குக் கயிற்றை எடுத்ததும் அது ஓடிவந்து என் பின்னால் ஒளிந்துகொண்டது. நான் நகர்ந்து நின்றேன்.

நான்கு நாள் அலைந்து அதைக் கண்டுபிடித்து ஆட்டோவில் கொண்டுவந்தீர்கள். கருத்தடை செய்ததற்கு அடையாளமாக இடது காதின் நுனியை வெட்டியிருந்தார்கள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டே என் கதவைத் தட்டினீர்கள்.

"எங்க டீச்சரம்மா, பல்லு பட்ட எடத்தக் காட்டு. முப்பது வருசம் மீன் வெட்னவ நான். பல்லுல கிழிஞ்சதா கல்லுல கிழிஞ்சதான்னு பாத்தா தெரிஞ்சிடும்."

"டாக்டர் கட்டு போட்டிருக்கார் அக்கா. பிரிக்கக் கூடாது."

என் முகத்தைப் பார்த்தீர்கள். "சரிம்மா. நீ படிச்சவ. நீ எழுதிட்டா அது நெசந்தான்" என்றீர்கள். நீங்கள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. அதன் பிறகு படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினோரு மாதம் இருந்தது. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். ஒரு காலையில் பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டீர்கள்.

காரியம் முடிந்து, உங்கள் மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, வேலை மாறிப் பெங்களூர் கிளம்பினார். நாயை என்ன செய்வது என்று கேட்டேன். "தெரு நாய்தானே மேடம், அதுவா பொழச்சுக்கும்" என்றார். அது பிழைக்கப் போகவில்லை. உங்கள் கதவில் முதுகைச் சாய்த்துப் படுத்துவிட்டது. தயிர்சாதம் வைத்தேன். முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மீன்கடைக்குப் போனேன்.

"இன்னா மீனு வோணும்கா?"

"தலை மட்டும். நாய்க்கு."

மஞ்சள்தூள் போட்டு அரிசியோடு வேகவைத்து, விரலால் முள் பொறுக்கி வைத்தேன். அது தின்றது. தின்றுவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் உங்கள் கதவுக்கே போய்ப் படுத்தது. இரண்டு வருடமும் இப்படித்தான். ஒருநாள்கூட என் வீட்டுக்குள் வரவில்லை. என்னைப் பார்த்து வாலாட்டவில்லை. பிறகு உங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் நாய் தொல்லை என்றபோது, "என் நாய்தான்" என்றேன். அதுவும் பொய்தான்.

போன மாதம் சாப்பாட்டை நிறுத்தியது. சிறுநீரகம் போய்விட்டது என்றார் தாம்பரத்தில் நான் காட்டிய மருத்துவர். ஊசியும் மருந்துமாக மூன்று வாரம் அலைந்தோம். ஞாயிற்றுக்கிழமை அதற்குத் தலையைத் தூக்க முடியவில்லை. ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போனேன். அப்போதுதான் முதல்முறையாக அது என் மடிக்கு வந்தது. நகர முடியாததால் வந்தது.

"இனிமே கஷ்டப்படுத்த வேணாம்மா" என்றார் மருத்துவர். நான் தலையாட்டினேன். ஊசியை எடுத்தவர், "வாயைக் கட்டிடட்டுமா? கடிக்குமா?" என்று கேட்டார்.

"இல்ல சார். இது யாரையும் கடிச்சதில்ல."

உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியது. யாரோ ஒருவரிடம், அது சாக இரண்டு நிமிடம் இருக்கும்போது சொன்னேன். அவர் சரி என்று ஊசியைப் போட்டார். வெட்டுப்பட்ட காதைத் தடவிக்கொண்டே இருந்தேன். மூச்சு நிற்கும்வரை அதன் கண் அறையின் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மகளிடம் சொன்னேன். இப்போது அவளுக்கு எட்டு வயது. எந்த நாயைக் கண்டாலும் என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். நண்டு வாசலில் கிடந்த இரண்டு வருடமும் தனியாகப் படி இறங்கியதில்லை.

"நண்டு செத்துப்போச்சு பாப்பா."

"என்னைக் கடிச்ச நாய்தானேம்மா?"

பக்கத்தில் உட்காரவைத்தேன். "அது உன்னைக் கடிக்கல. நீ படியில விழுந்த. அம்மாதான் பொய் சொன்னேன்."

அவள் முழங்காலை நீட்டித் தழும்பைத் தொட்டுக் காட்டினாள். "இல்லம்மா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஓடி வந்து இங்க கடிச்சுது. ரத்தம் வந்துச்சு."

இன்று காலையும் சொல்லிப் பார்த்தேன், அக்கா. நான் நாய்க்காகப் பொய் சொல்கிறேன் என்கிறாள்.