விசையில் சுற்றிய ரப்பர்

மச்சான்,

இன்று காலை லயத்து வீடுகளுக்கு மேலே தேயிலையை வெட்டிவிடும் கவ்வாத்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பெட்ரோலும் ஒயிலும் கலந்த புகை, கூடவே அறுபட்ட தேயிலைக் கட்டையின் பச்சை வாடை. வாயில் வைத்த ரொட்டியைத் துப்பிவிட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். நாலு பேர், நாலு கவ்வாத்து மிஷின். சுற்றும் வாளை மறைக்கும் தகடு ஒன்றில்தான் இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, காலில் ரப்பர் செருப்பு. நாலிலும் கைப்பிடி விசையை அமுக்கி, சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். விரலை எடுத்தாலும் வாள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"அத அவுத்துப் போடுங்கப்பா" என்றேன்.

"நாள் பூரா அமுக்கிப் பாருங்க தாத்தா, வெரல் மரத்துப்போகும். ஒங்க காலத்துல இருந்து வர்ற பழக்கந்தானே" என்று ஒருவன் சிரித்தான்.

அருவருப்பாக இருந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதால் இன்னும் அருவருப்பு.

கத்தியால் கவ்வாத்து வெட்டிப் பழகியவர்கள் நாம். இடது கை கிளையைப் பிடிக்கும், வலது கை வெட்டும். மிஷின் வந்த பிறகும் கிளை சிக்கினால் இடது கை தானாக அதைத் தேடிப் போகும். நீ ஒருவன்தான் முதலில் விரலை எடுப்பாய், வாள் நிற்கும்வரை பார்ப்பாய், பிறகு கையை நீட்டுவாய். ரப்பர் கட்டுவதற்கு நாங்கள் தாலி கட்டுவது என்று பெயர் வைத்திருந்தோம். "எல்லா மிஷினுக்கும் கல்யாணம் ஆயிருச்சு, ஒன்னோடதுதான் இன்னும் கொமரா நிக்குது" என்று உன்னைச் சீண்டுவேன்.

"இதையும் எழுதவாப்பா?" என்கிறாள் மகள். எழுதச் சொல்லிவிட்டேன்.

"வெரல எடுத்தா நிக்கணும் மச்சான். அதுக்குத்தானே விசைய அங்க வச்சிருக்கான்" என்பாய். ஆனால் கொடுத்த அளவை முடித்தால்தான் முழுப்பேர், முழு நாள் சம்பளம். நின்று நின்று வெட்டிய உனக்கு மூன்று நாள் தொடர்ந்து அரைப்பேர் விழுந்தது. நாலாம் நாள் தேத்தண்ணி நேரத்தில், என் ரப்பரில் பாதியைக் கிழித்து உன் மிஷினில் நானே கட்டினேன். "வேணாம்டா" என்றாய். "இன்னிக்கு ஒரு நாள் பாரு" என்றேன். நீ மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டாய்.

தடித்த தேயிலை வாதில் வாள் சிக்கியது. நீ விரலை எடுத்தாய். பக்கத்து நிரையிலிருந்து அதை நான் பார்த்தேன். எப்போதும்போல் விரலை எடுத்துவிட்டுத்தான் குனிந்து கிளையை இழுத்தாய். கிளை விலகியதும் வாள் சுற்றி உன் தொடையில் ஏறியது. என் இடுப்புச் சாரத்தைக் கிழித்துக் காயத்தைக் கட்டினோம். பதுளைக்குக் கொண்டுபோகும் வழியில், பண்டாரவளை தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய்.

மலையில் விசாரிக்க ஆள் வருவதற்கு முன்பே கணக்கப்பிள்ளை பேனாக்கத்தியால் அந்த ரப்பரை அறுத்துத் தண்ணீர்க் கானுக்குள் எறிந்தார். எனக்கு முன்னால்தான் எறிந்தார். சாயந்தரம் ஒரு தாளை நீட்டினார்.

"என்னங்க எழுதியிருக்கு?"

"நடந்ததுதான்யா எழுதியிருக்கு. பெருவெரல வைய்யி."

வைத்தேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியிருந்ததைப் பிறகு ஊரே சொல்லித் தெரிந்துகொண்டேன். நடந்தது அதுவல்ல என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் கட்டியதும் வெளியே வந்துவிடும் என்ற பயம். அடுத்த மாதம் ஸ்டோர் சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். 'பாதுகாப்பே முதலிடம்' என்று எழுதியிருக்கிறதாம். யாராவது பார்வையிட வரும் நாளில் கண்ணாடியும் பூட்ஸும் கொடுப்பார்கள், படம் பிடிப்பார்கள், மாலையில் திருப்பி வாங்கிப் பூட்டிவிடுவார்கள். படத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

இன்று மலையிலிருந்து இறங்கி நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அன்னைக்கு ரப்பரக் கட்டினது நான். அவன் வேணாம்னான். வெரல எடுத்துட்டுத்தான் குனிஞ்சான்."

அவள் கையிலிருந்த விறகைக் கீழே வைக்கவில்லை. "கவனமில்லாம செத்துப்போன மனுசன்னு நானே பிள்ளைங்களுக்குச் சொல்லி வளத்தேன் அண்ணே. இத்தன வருசமா நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான். திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து சொன்னாள்: "பொங்கலுக்கு மகன் கொழும்புல இருந்து வருவான். நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

உன் மகன் உன் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறான், மச்சான். என்னைக் கண்டால் இன்னும் மாமா என்று கூப்பிட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வான். இந்த முறை அவன் பிடிக்குமுன்னே சொல்லிவிட வேண்டும்.